போர் விமானத்தின் ஆள்காட்டி விரல்

நாட்டின் பாதுகாப்பில் என் பங்கு ஓர் ஆள்காட்டி விரல். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். எங்கோ பல வருடங்களாகத் தயாராகிக்கொண்டே இருக்கும் ஒரு போர் விமானம் இருக்கிறது. அதை ஓட்டுகிறவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் கையுறை ராணிப்பேட்டைப் பக்கம் எங்கள் தொழிற்சாலையில்தான் உருவாகிறது. அதில் கடைசியாகக் கை வைக்கிறவள் நான்.

ஊர் எனக்குத் திமிரி. கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறேன். ஃபினிஷிங் பிரிவில் வேலை. தைத்து முடித்த கையுறை முதலில் பார்க்கச் சகிக்காது, ஈரத்தில் கசக்கிப் போட்ட துணிபோலச் சுருங்கிக் கிடக்கும். எங்கள் மேசையில் சூடேற்றிய இரும்புக் கைகள் வரிசையாக விரல் விரித்து நிற்கின்றன. அவற்றில் மாட்டி இழுத்துவிட்டால் சுருக்கம் போய்விடும். அதன் பிறகு பனியன் வேஸ்ட் துணியில் மெழுகுக் குழம்பைக் கொஞ்சம் தொட்டு மேலே ஒரு துடை. அந்த ஒரு துடையில் ஆட்டுத்தோல் பட்டாகிவிடும்.

தோல் தொழிலில் கண்ணை யாரும் நம்புவதில்லை, கையைத்தான் நம்புவார்கள். வாங்க வருகிறவர் முதலில் தடவிப் பார்ப்பார், பிறகுதான் பேசுவார். ஆகவே எந்த சாம்பிளும் கடைசித் துடை இல்லாமல் வெளியே போகாது. எந்தக் காகிதத்திலும் இப்படி எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் செய்வோம். என் துடைக்கு இந்தத் தொழிற்சாலையில் தனி மரியாதை உண்டு. ஒருமுறை ஒரு வெளிநாட்டுக்காரர் நான் முடித்த கையுறையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். புதிதாகச் சேருகிற பெண்களை மானேஜர் நேரே என்னிடம்தான் அனுப்புவார். “அவங்க கைய பாத்துக் கத்துக்க” என்பார். எனக்குத் தலை எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த விமானத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் ஜாதகம் முழுக்க எனக்கு அத்துப்படி. அது ஒவ்வொரு முறை வளரும்போதும் எங்களுக்கு ஒரு கோப்பு வரும்.

முதல் வெர்ஷனில் விமானிக்கு முன்னால் சின்னச் சின்னத் திரைகள், அவற்றைச் சுற்றிப் பொத்தான்கள். பொத்தானை அமுக்க ஒரு விரல் போதும். உள்ளங்கைப் பக்கம் மெல்லிய ஆட்டுத்தோல், புறங்கையில் தீப்பிடிக்காத துணி, தீப்பிடிக்காத நூல். சுலபமாக முடிந்தது. அடுத்த வெர்ஷனில் ராடாரை மாற்றினார்கள். எதிரி நம்மைப் பார்ப்பதற்கு முன்பே நாம் அவனைப் பார்த்துவிடலாமாம். அதற்காக எங்களுக்கு வந்த உத்தரவு, மணிக்கட்டுப் பட்டியை அரை அங்குலம் நீட்ட வேண்டும் என்பது. ராடாருக்கும் பட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு மானேஜர், “இருக்கும்மா, இல்லாமயா நாப்பது பக்கம் எழுதியிருப்பாங்க?” என்றார். அதற்கடுத்து, பறந்துகொண்டே வானத்தில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் வசதி வந்தது. எங்கள் கம்பெனி பஸ் பங்க்கில் நின்று நிரப்பினாலே மறுபடி கிளம்ப யோசிக்கும். இது வானத்தில் நிரப்பிக்கொள்கிறதே என்று வாயைப் பிளந்தோம். கூடவே கோப்பும் வந்தது. பட்டியை அரை அங்குலம் குறைக்க வேண்டும், பழைய அளவுக்கே.

இத்தனை வெர்ஷனிலும் மாறாமல் இருந்தது, கையுறையைத் தைத்த பெண் ஒருத்திதான்.

நெமிலிப் பக்கத்து கிராமத்திலிருந்து வருகிறவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவள், என்னை அக்கா என்பாள். கையுறையில் கஷ்டமான இடம் விரலுக்கும் விரலுக்கும் நடுவில் வைக்கிற ஒல்லியான பட்டி. மற்றவர்கள் தைத்தால் விரல் திருகிக்கொள்ளும். அவள் தைத்தால் ஐந்து விரலும் நிமிர்ந்து நிற்கும். முதல் சாம்பிளிலிருந்து எல்லாம் அவள் கை. ஆனால் அவள் கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்ட் என்றால், வேலை குறைந்த அன்றைக்கு, “நாளைக்கு வர வேணாம்” என்று ஒரு போன் வரும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் மானேஜர், “இந்த சாம்பிள் பாஸ் ஆவட்டும்மா, உன்ன பர்மனென்ட் ஆக்கிடறேன்” என்பார். பாஸ் ஆகும். “அடுத்த வெர்ஷன் வரட்டும்” என்பார். விமானத்துக்கு ராடார் மாறியது, இருக்கை மாறியது, இறக்கையின் அடியில் தொங்குகிற ஏவுகணைகள் மாறின, உள்ளே ஓடுகிற மென்பொருள் எத்தனை முறை மாறியதோ தெரியாது. ஒன்பது வருடமாக அவளுக்கு அடையாள அட்டையின் கயிறுகூட மாறவில்லை.

போன வருடம் தொடுதிரை வந்தது.

அதைச் சொல்ல ஓர் அதிகாரியே நேரில் வந்தார். சுவரில் படம் போட்டுக் காட்டினார். அவர் இந்தியில் பேசப் பேச மானேஜர் தமிழில் சொன்னார். பொத்தானெல்லாம் போய்விட்டது. இனி முன்பலகை முழுவதும் ஒரே திரை, விரலால் தொட்டால்தான் கேட்கும். சாதாரணத் தோல் போட்ட விரல் தொட்டால் திரைக்கு உறைக்காது. ஆகவே ஆள்காட்டி விரல் நுனிக்கு மட்டும் மின்சாரம் கடத்துகிற சாயம் ஏற்றிய தோல் வைத்துத் தைக்க வேண்டும்.

“இன்னா சார், அவ்ளோ பெரிய ஏரோப்ளேன போன் மாதிரி பண்ணிட்டாங்களா?” என்று நெமிலிக்காரி கேட்டாள். மானேஜர் அதை இந்தியில் பெயர்க்கவில்லை. அதிகாரி என்னவென்று விசாரித்ததற்கு, “அவங்களுக்கு ரொம்ப சந்தோஷமாம்” என்றார் இந்தியில். அந்த அளவுக்கு இந்தி எங்களுக்கும் புரியும்.

அதிகாரி கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் வைத்திருந்தார். இதுவரை துணியையும் நூலையும் தனித்தனியாகத்தான் தீயில் காட்டிச் சோதித்தார்கள். இனி முழுக் கையுறையையும் காட்டுவார்களாம். அந்தப் பக்கம் சுவரில் தெரிந்த நேரத்தில் டீயும் முந்திரி பிஸ்கட்டும் வந்துவிட்டன. முந்திரி பிஸ்கட் எங்களுக்கு அதிகாரிகள் வந்தால் மட்டுமே கிடைக்கும். நான் இரண்டு எடுத்தேன். சுவரை யார் பார்த்தார்கள்?

சாம்பிள் பத்து ஜோடி. தீப்பிடிக்காத அந்த நூல் இருக்கிறதே, மகா பேஜார் பிடித்தது. ஒரு விரல் முடிவதற்குள் இரண்டு முறை அறுந்துவிடும். பார்த்தால் அதே நிறத்தில் சாதாரண நூல் பக்கத்திலேயே இருக்கிறது, வெண்ணெய் மாதிரி ஓடும். வேறு ஆளாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அதைப் போட்டு ஓட்டியிருப்பார்கள். அவள் அறுந்த இடத்தில் எல்லாம் நிறுத்தி, முன்னால் போட்ட நாலு தையலைப் பிரித்து, மறுபடி தைத்தாள். மானேஜரின் மேசையில் அவள் பெயர் போட்ட பர்மனென்ட் கடிதம் இந்த முறை டைப் ஆகியே கிடந்தது. கையெழுத்துதான் பாக்கி. அவளே பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். “எம் பேர்ல ஒரு எழுத்து ஜாஸ்தி போட்டிருக்காங்கக்கா. பரவால்ல, அதுவும் நாந்தான்” என்று சிரித்தாள்.

தைத்து முடித்ததும் மானேஜர் முதல் கையுறையை மாட்டிக்கொண்டு தன் போனைத் தொட்டுப் பார்த்தார். அது உடனே அவருடைய மாமியாருக்குப் போன் போட்டுவிட்டது. திரை கேட்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எல்லோரும் கை தட்டினோம். அவர் வெளியே போய் இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தார்.

பத்து ஜோடியும் என் மேசைக்கு வந்தன. இரும்புக் கையில் மாட்டினேன், இழுத்தேன், துடைத்தேன். நாட்டுக்காக என்பதால் இரண்டு துடை.

மூன்று வாரம் கழித்து சாம்பிள் ஃபெயில் என்று வந்தது. கருகிப்போன கையுறைகளையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆள்காட்டி விரலின் தையலை ஒட்டித் தீ ஓடியிருந்தது. வெறும் கருகல் இல்லை, பற்றிக்கொண்டு எரிந்திருக்கிறது. தையல் ஓரம் என்று தெரிந்ததும் மானேஜருக்கு வேறு யோசனையே தேவைப்படவில்லை. எல்லோரையும் நிற்க வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டார்.

“ஸ்பெஷல் நூல் அறுந்துக்கினே இருக்குதுன்னு சாதா நூல ஓட்டிட்ட. ஒத்துக்க.”

“இல்ல சார். எல்லாம் அந்த நூல்தான்.”

“அப்பறம் எப்பிடிம்மா தையல்லயே புடிச்சிச்சு? தோல் மேல கீதா? துணி மேல கீதா? தையல் மேலதான கீது.”

“எனக்குத் தெரியல சார். நான் மாத்தல.”

“அதிகாரிங்ககிட்ட எம் மானம் போச்சு” என்றார். அந்தக் கடிதத்தை எடுத்து இழுப்பறையில் போட்டுச் சாத்தினார். இரண்டாவது சாம்பிளை வேறொரு சீனியர் பெண் தைக்கட்டும் என்றார். முடிவு வரும்வரை இவள் வெல்டிங் கையுறை லைனில் உட்காரட்டும், முடிவைப் பார்த்துவிட்டு இவள் சங்கதியைப் பேசிக்கொள்ளலாம் என்றார். வெல்டிங் கையுறை என்பது கனத்த மாட்டுத்தோலில் மூட்டை தைப்பது போன்ற வேலை. விரல் நிமிர்ந்து நிற்கிறதா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

மெழுகு எங்கே அதிகம் தேங்கும் என்று என் கைக்குத் தெரியும். தையல் ஓரத்துப் பள்ளத்தில்தான். துடைக்கும்போது துணி அங்கே தானாகவே போய் நிற்கும். இரண்டு துடை என்றால் இரண்டு மடங்கு.

அன்று சாயந்திரம் வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தேன். இரண்டு துண்டு வேஸ்ட் தோலும் கொஞ்சம் மெழுகுக் குழம்பும் எடுத்து வந்திருந்தேன், இரண்டு துண்டிலும் அந்த நூலில் தையல் இருந்தது. ஒன்றைத் துடைத்தேன், ஒன்றைத் துடைக்கவில்லை. துடைக்காததை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் சுருண்டு கறுத்தது, அவ்வளவுதான். துடைத்தது மஞ்சளாகப் பற்றித் தையல் ஓரமாகவே விறுவிறுவென்று ஓடியது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், “இன்னா கருக்கிட்ட?” என்று கேட்டார். ஒன்றுமில்லை, அப்பளம் என்றேன். பொய் எனக்கு அன்றைக்கே சரளமாக வந்துவிட்டது.

இனி நான் செய்திருக்கக்கூடியவை மூன்று. மறுநாளே மானேஜரிடம் போய், நூல் இல்லை சார், என் துடை என்று சொல்லியிருக்கலாம். அல்லது இரண்டாவது சாம்பிளையும் வழக்கம்போலத் துடைத்து அனுப்பியிருக்கலாம். அதுவும் எரிந்திருக்கும், தைத்தவள் மேல் தப்பில்லை என்று தானாகத் தெரிந்திருக்கும், ஆர்டர்தான் போயிருக்கும். மூன்றாவது, வாயைத் திறக்காமல் இரண்டாவது சாம்பிளைத் துடைக்காமல் விடுவது. விமானி பிழைப்பார், கம்பெனி பிழைக்கும், என் கையின் மரியாதையும் பிழைக்கும். யாருக்கும் நஷ்டமில்லாத வழியாகத் தெரிந்தது. நான் அதைத்தான் செய்தேன்.

இப்படிச் செய்தால் பழி முழுக்க அவள் மேல் நிற்கும் என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். தோன்றியது. தோன்றியபோதெல்லாம் ஏதாவது வேலையைத் தேடிக்கொண்டேன். பாஸ் ஆகிவிட்டால் மானேஜர் குளிர்ந்துவிடுவார், பழசை மறந்து கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இதுவரை எதையும் மறந்ததில்லை, பர்மனென்ட் கடிதங்களைத் தவிர.

சீனியர் பெண் தைத்தாள். இரண்டு விரல் லேசாகத் திருகியிருந்தது. இரும்புக் கையில் நான் எவ்வளவு இழுத்தும் முழுக்க நேராகவில்லை. துடைக்கவில்லை. கையுறை மங்கலாக, எண்ணெய் வைக்காத தலை மாதிரி இருந்தது. “இன்னாக்கா, பளபளப்பே காணோம்?” என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். பைலட் எல்லாம் பளபளப்பைப் பார்க்க மாட்டார்கள் என்றேன். அதை முதல் சாம்பிளுக்கு முன்னால் நினைத்திருக்க வேண்டும்.

பாஸ் ஆனது. விரல் திருகலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. விமானத்துக்குத் தேவை தொடுகிற விரல்தானே, அழகான விரலா? மானேஜர் ஆம்பூரிலிருந்து பிரியாணி வரவழைத்தார். சாம்பிள் பிரிவும் ஃபினிஷிங்கும் சாப்பிட்டோம். வெல்டிங் லைனுக்குக் கிடையாது. அவர்கள் நாட்டைக் காக்கவில்லையே. மானேஜர் கையை உயர்த்திச் சொன்னார்: “பாத்தீங்களா, ஆள மாத்தினதும் பாஸ் ஆயிடுச்சு. இதுக்கு மேல இன்னா ப்ரூஃப் வேணும்?” எல்லோரும் தலையாட்டினார்கள். என் வாயில் பிரியாணி இருந்தது. நானும் ஆட்டினேன்.

சனிக்கிழமையோடு அவள் வர வேண்டாம் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார்கள்.

அது தெரிந்த பிறகுதான் எனக்கு வீரம் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மானேஜர் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மெழுகு, அடுப்பு, துடைக்காமல் விட்டது, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அனுப்பிச்சாச்சும்மா” என்றார். “ரிப்போர்ட்ல தையல் தப்பு, ஆள மாத்திட்டோம்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சாச்சு. இப்ப போய் மெழுகுன்னு சொன்னா மறுபடி மொதல்லேர்ந்து டெஸ்ட் வெப்பாங்க. ஆறு மாசம் போவும். ஆர்டர் வேற கம்பெனிக்குப் போய்டும்.”

“அந்தப் பொண்ணு சார்?”

“வேற எங்கியாவது கெடைக்கும். நல்லா தைக்கிற பொண்ணுதானே.”

தையல் தப்பு என்று எழுதி அனுப்பியவரும் அவர்தான், இதைச் சொன்னவரும் அவர்தான். நான் வெளியே வந்தேன். ஆறு வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் இந்த அறையில் அனுப்பிய ரிப்போர்ட் என்று ஒன்று இருந்திருக்காது. ஒரு விமானம் தன் தப்பைத் திருத்திக்கொள்ள இருபது வருடம் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வளர்ச்சி. எனக்கு ஆறு வாரம் எடுத்தது, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் வெல்டிங் லைனுக்குப் போனேன். அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அதில் வேறு யாரோ உட்காரப்போகிறார்கள், ஆனாலும் ஊசியைக் கழற்றி எண்ணெய் விட்டுச் சுத்தமாக வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒன்று சொல்லணும் என்றேன்.

“மெழுகுதானேக்கா” என்றாள்.

அவளே சொன்னாள்.

“திரும்பி வந்ததுல ஒண்ண எடுத்துப் பிரிச்சுப் பாத்தேன். நூல் கருகிதான் இருந்திச்சு, எரியல. எரியாத வெரல்ல தையலப் பிரிச்சா கைல பிசுபிசுன்னு ஒட்டிச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“நீ ஏம்மா சொல்லல?”

“நான் சொன்னா, தப்பிக்கறதுக்கு உங்க மேல போடறேன்னு சொல்வாங்க. நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சுதான் ரெண்டாவது சாம்பிள்ல துடைக்கலன்னும் தெரியும். அது ஏன் மங்கலா போச்சுன்னு உங்க பக்கத்து மேசைப் பொண்ணு பஸ்ல கேட்டுக்கினு வந்திச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதால் கொஞ்சம் லேசாகியிருக்கும். அதற்கு அவள் வழி விடவில்லை. டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள், தோள்துணியை மடித்து மேலே வைத்தாள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கேட்டிருக்கிறேன் என்றாள், தூரம் ஜாஸ்தி, பார்க்கலாம் என்றாள். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்கிறவள் போல என்னைக் கேட்டாள்.

“அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா உங்கள இன்னா பண்ணியிருப்பாங்கக்கா?”

யோசித்தேன். நான் பர்மனென்ட். சங்கத்தில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் என் பேரில் ஒரு புகாரும் கிடையாது.

“ஒரு மெமோ குடுத்திருப்பாங்க” என்றேன்.

“மெமோவா?” என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு, நான் வழியை விட்டு விலகும்வரை பொறுமையாக நின்றாள்.